காய்ச்சலும் பாய்ச்சலும்: போர்தோவின் பெரிய ஆண்டுகள் எப்படி உருவாகின்றன

1964ஆம் ஆண்டு, பிரான்சின் பெயர்பெற்ற ஒயின் பகுதியான போர்தோவில் கோடை அருமையாக இருந்தது. நல்ல வெயில், வறண்ட காற்று. திராட்சை பறிக்கும் முன்பே பிரான்சின் விவசாய அமைச்சர் இது நூற்றாண்டின் விளைச்சல் என்று அறிவித்துவிட்டார். அக்டோபர் 8ஆம் தேதி மழை பிடித்தது. நாள்கணக்கில் விடவில்லை.

பொய்யாக் ஊரில் லத்தூர் தோட்டத்துக்காரர்கள் அதற்குள் பறித்து முடித்திருந்தார்கள். அதே ஊரின் மறுகோடியில் இருக்கும் லஃபீத், மூத்தோன் தோட்டங்களில் குலைகள் இன்னும் கொடியில் தொங்கின. கொஞ்சம் கூடுதலாகப் பழுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். நனைந்த பழம் நீர் கோத்துக்கொண்டது, சாறு வெளுத்தது. இன்றும் 1964 லத்தூர் பாட்டிலுக்கு மரியாதை உண்டு. அதே ஆண்டின் லஃபீத், மூத்தோன் பாட்டில்களை விவரம் தெரிந்தவர்கள் தேடிப் போவதில்லை. மூன்றும் போர்தோவின் முதல் வரிசைத் தோட்டங்கள், மண்ணும் கிட்டத்தட்ட ஒரே மண். பிரித்தது சில நாள் இடைவெளி.

லேபிளில் இருக்கும் ஆண்டை, அதாவது திராட்சை பறித்த ஆண்டை, பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த அக்டோபர் ஞாபகம் வரும். ‘1961 நல்ல ஆண்டு, 1982 நல்ல ஆண்டு’ என்று ராசிபலன் போல ஒப்பிப்பது சுலபம். அந்த ஆண்டில் கொடிக்கு என்ன நடந்தது என்று கேட்டால்தான் விஷயம் புரியும்.

திராட்சைக்கு ஆண்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதே நமக்குச் சட்டென்று பிடிபடாத விஷயம். கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்யும் நேரத்தை மாற்றி மாற்றி, வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் காய் எடுக்கிறார்கள். (அங்கே விளையும் பன்னீர் திராட்சையை 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்கிறார்கள்.) போர்தோவில் அந்த வசதி கிடையாது. குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும். மார்ச் கடைசியில் மொட்டு விடும், ஜூன் தொடக்கத்தில் பூக்கும், பூத்துச் சுமார் 110 நாளில் அறுவடை. வருடத்துக்கு ஒரே காய்ப்பு. அது தவறினால் அடுத்த வருடம்தான்.

இடமும் ஆபத்தான இடம். கரோன், தொர்தோஞ் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ஜிரோந்த் கழிமுகமாக அட்லாண்டிக் கடலை நோக்கிப் போகின்றன. இடது கரையில் மெதோக்: மேடுமேடாகக் கூழாங்கல் நிலம், கபெர்னே சோவினியோன் திராட்சை. வலது கரையில் பொமெரோலும் சென்தெமிலியோனும்: களிமண், சுண்ணாம்புப் பாறை, மெர்லோ திராட்சை. மெர்லோ முன்னால் பழுக்கும், கபெர்னே ஒன்றிரண்டு வாரம் பின்தங்கும். 1964 மழைக்கு முன் வலது கரையில் மெர்லோவை எடுத்து முடித்திருந்தார்கள். அங்கிருக்கும் ஷெவால் பிளாங், பெத்ரூஸ் தோட்டங்கள் இரண்டுமே அந்த ஆண்டு பிரமாதமாக வந்தன. கடலிலிருந்து ஈரக்காற்று எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால், இங்கே ஒவ்வொரு செப்டம்பரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே கழிகிறது.

சரி, நல்ல ஆண்டு என்றால் என்ன? போர்தோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தெனி துபூர்தியூ, பெரிய சிவப்பு ஒயின் ஆண்டுக்கு ஐந்து நிபந்தனைகள் சொன்னார். பூக்கும் காலம் சீக்கிரமாக, வெதுவெதுப்பாக, மழையில்லாமல் ஒரே மூச்சில் முடிய வேண்டும். பூ பிஞ்சாகும்போதே கொடிக்குத் தண்ணீர் கொஞ்சம் குறைய வேண்டும். காய் நிறம் மாறுவதற்கு முன்னால் கொடி புதுத் தளிர் விடுவதை நிறுத்திவிட வேண்டும். ஆகஸ்டும் செப்டம்பரும் வறண்டிருக்க வேண்டும், ஆனால் கொளுத்தக் கூடாது. கடைசியாக, பறிக்கும் நாட்களில் மழை வரக் கூடாது.

இந்த ஐந்தில் முதலும் கடைசியும் யாருக்கும் புரியும். பூவில் மழை அடித்தால் பூ உதிரும். மிச்சமிருக்கும் குலையிலும் ஒரு காய் பெரிதாக, ஒரு காய் கடுகாக, சமமில்லாமல் பழுக்கும். நடுவில் உள்ள மூன்றும்தான் சூட்சுமம். மூன்றும் சொல்வது ஒரே விஷயம்: கொடியைச் சரியான நேரத்தில் வாடவிட வேண்டும்.

நெல் வைப்பவர்கள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பார்கள். வயலை ஒரு முறை காயவிட்டு, அப்புறம் தண்ணீர் பாய்ச்சினால் வேர் ஆழமாக இறங்கும், தூர் கட்டும். திராட்சைக்கும் கணக்கு ஏறக்குறைய இதுவே. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் கொடி இலையும் தளிருமாகப் படர்ந்துகொண்டே போகும், பழத்தைக் கவனிக்காது. தண்ணீர் இழுபறியானால் தளிர் நிற்கும், இலை சமைக்கும் சர்க்கரை பழத்துக்குப் போகும். பழமும் சிறுத்துவிடும். சிறிய பழத்தில் சாறு குறைவு, சாற்றோடு ஒப்பிட்டால் தோல் அதிகம். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. ஆனால் வாட்டம் எல்லை மீறினால் இலை தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு வேலைநிறுத்தம் செய்துவிடும். பழுப்பது பாதியில் நிற்கும்.

போர்தோவில் காய்த்துவரும் கொடிக்குப் பொதுவாகப் பாசனம் செய்ய விதி அனுமதிப்பதில்லை. ஆகவே பாய்ச்சலும் காய்ச்சலும் வானத்தின் பொறுப்பு, அதைச் சமாளிப்பது மண்ணின் பொறுப்பு. ஜெரார் செகான் என்ற மண்ணியல் ஆய்வாளர் மெதோக் கூழாங்கல் நிலங்களில் வேர் ஆழத்தையும் நீரோட்டத்தையும் அளந்து, நல்ல ஒயினுக்குக் காரணம் மண்ணில் ஒளிந்திருக்கும் ஏதோ ஒரு தாதுச்சத்து என்ற பழைய நம்பிக்கையை அசைத்தார். பெரிய தோட்டங்களின் நிலத்தில் மழைநீர் மடமடவென்று வடிந்துவிடுகிறது, வேர் பல மீட்டர் கீழே போய்ச் சிக்கனமாக நீர் எடுக்கிறது. எந்த ஆண்டாக இருந்தாலும் அந்த நிலங்கள் தாக்குப்பிடிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பழம் தயாரா என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்பது எனக்கு இந்தத் தொழிலிலேயே மிகவும் பிடித்த இடம். ஆய்வுக்கூடம் சர்க்கரையையும் புளிப்பையும் அளந்து கொடுத்துவிடும். ஆனாலும் செப்டம்பர் நடுவில் தோட்டக்காரர் வரிசை வரிசையாக நடந்து பழத்தை வாயில் போட்டுப் பார்ப்பார். கபெர்னே பழம் சுண்டைக்காய் அளவுதான் இருக்கும், மேலே சாம்பல் பூத்தாற்போல் வெண்மை படர்ந்திருக்கும். சதையை விழுங்கிவிட்டு விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்ப்பார். பச்சையாக இருந்தால் இன்னும் நாள் ஆகவில்லை. வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்து, கடித்தால் நொறுக்கென்று உடைந்தால் சரி. அப்புறம் தோலை நிறுத்தி நிதானமாக மெல்லுவார். பழுக்காத கபெர்னே தோலில் பச்சைக் குடைமிளகாய் வாசனை அடிக்கும். பழுத்த தோல் நாவல்பழம் போல நாக்கில் துவர்ப்பை விட்டுப் போகும், பல்லில் ஊதா ஏறும். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாகவே வைத்த மொழி நம்முடையது, அதனால் இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பெரிய சிவப்பு ஒயினின் ஆயுளைத் தீர்மானிப்பதில் இந்தத் துவர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இளம் ஒயினில் அது வாயை இழுத்துப் பிடிக்கும். பத்து, இருபது வருடம் பாட்டிலில் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போல மென்மையாகி, ஒரு பகுதி அடியில் வண்டலாகப் படியும். பழைய பாட்டிலைத் திறப்பவர்கள் கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு மெல்ல ஊற்றுவது, அந்த வண்டல் வரும் இடத்தில் நிறுத்துவதற்காக.

இனி ஆண்டுகளுக்கு வருவோம். காய்ச்சலுக்குப் பாடம் என்றால் 1961தான். மே மாதக் கடைசியில் குளிர் அடித்துப் பூ உதிர்ந்தது. விளைச்சல் மிகக் குறைந்துபோனது. தோட்டக்காரர்களுக்கு அன்று அது அழிவு மாதிரித்தான் தெரிந்திருக்கும். அப்புறம் ஆகஸ்டும் செப்டம்பரும் சொட்டு மழை இல்லாத வறட்சி. கொடியில் இருந்த கொஞ்சப் பழத்துக்கு எல்லாச் சத்தும் போய்ச் சேர்ந்தது. நிறம், துவர்ப்பு, மணம் எல்லாமே செறிந்த ஒயின்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் உயிரோடு இருந்த பாட்டில்கள் அந்த ஆண்டில் பல.

1945 அதற்கு முன்னோடி. ஐரோப்பாவில் போர் முடியும் தறுவாயில், மே மாதத் தொடக்கத்தில், கடும் பனி கொடியைக் கருக்கியது. அடுத்து வெயிலும் வறட்சியும். விளைச்சல் சொற்பம். தோட்டங்களில் ஆள் இல்லை, கருவி இல்லை, பாட்டிலுக்குக்கூடத் தட்டுப்பாடு. அந்த ஆண்டு மூத்தோன் பாட்டிலுக்கு, தோட்டத்தின் உரிமையாளர் பரோன் ஃபிலிப் த ரோட்ஷில்ட், ஃபிலிப் ஜூலியன் என்ற இளம் ஓவியரிடம் லேபிள் வரையச் சொன்னார். வெற்றியைக் குறிக்கும் ‘வி’ எழுத்து நடுவில் இருக்கும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆண்டுதோறும் ஓர் ஓவியர் லேபிள் வரைவது வழக்கமாகிவிட்டது. பிராக், சால்வதோர் தாலி, மிரோ, ஷகால் எல்லாரும் அந்த வரிசையில் வந்தவர்கள்.

1945இன் இன்னொரு கதை போர்தோவுக்கு வெளியே, கிழக்குப் பிரான்சின் பர்கண்டி பகுதியில் இருக்கிறது. அங்கே ரொமானே-கோந்தி என்ற 1.8 ஹெக்டேர் தோட்டத்தில் பழைய, ஒட்டுக்கட்டாத கொடிகள் அதுவரை தாக்குப்பிடித்து நின்றன. வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சியாலும் போர்க்காலத்தில் மருந்து கிடைக்காததாலும் அவை நலிந்துபோயிருந்தன. 1945இல் சுமார் 600 பாட்டில்தான் கிடைத்தது. அத்தோடு அந்தக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்தார்கள். 1952 வரை அந்தப் பெயரில் ஒயினே வரவில்லை. 2018இல் நியூயார்க் ஏலத்தில் அந்த 600இல் ஒரு பாட்டில் 5,58,000 டாலருக்குப் போனது. குடிக்கும் பொருளுக்கு இவ்வளவு விலை கொடுப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஆனால் அந்தக் கொடிகள் கடைசியாகக் காய்த்த காய்ப்பு அது என்று நினைக்கும்போது, எதற்காக ஏங்குகிறார்கள் என்பது புரிகிறது.

1947 வேறு ரகம். அது வெயிலின் ஆண்டு. அறுவடையின்போதே அனல். நொதிக்கும் தொட்டியின் சூட்டைக் குறைக்க இயந்திரம் எதுவும் அப்போது கிடையாது. சூடு ஏறினால் ஈஸ்ட் செத்துவிடும், சர்க்கரை பாதியில் புளிக்காமல் நிற்கும், காடி ஏறும். சில இடங்களில் பனிக்கட்டியைக் கொண்டுவந்து சமாளித்தார்கள். ஷெவால் பிளாங் 1947 அப்படித் தட்டுத்தடுமாறி வந்த ஒயின். ஆல்கஹால் 14 சதவீதத்துக்கு மேல், எஞ்சிய இனிப்பு கொஞ்சம், காடி வாடையும் கொஞ்சம். பாடப்புத்தகப்படி அது குறையுள்ள ஒயின். ஆனாலும் அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த ஒயின்களில் ஒன்றாக அதைச் சொல்லாதவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், 1947ஐ முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று தவறிப்போயிருக்க வேண்டியது தப்பிப் பிழைத்தது. அதே ஆண்டில் அதே வெயிலில் காடியாகவே போன தொட்டிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதுவரை சொன்னதை வைத்துக் ‘குறைந்த விளைச்சல், சிறந்த ஒயின்’ என்று முடிவுகட்டினால் 1982 வந்து மறிக்கும். அந்த ஆண்டு பூ சீக்கிரம் வந்தது, சீராக வந்தது, காய்ப்பு ஏராளம். செப்டம்பரில் வெயில் நன்றாக அடித்தது. பழம் அளவிலும் இருந்தது, பழுத்தும் இருந்தது. புளிப்பு குறைவு, துவர்ப்பு மென்மை, வாயில் பழச்சுவை நிறைவு. இது நீண்ட நாள் தாங்காது என்று பல அனுபவசாலிகள் கையை விரித்தார்கள். அமெரிக்காவின் மேரிலாந்தில் வழக்கறிஞராக இருந்த ராபர்ட் பார்க்கர், தான் 1978இல் தொடங்கிய ஒயின் செய்திமடலில் அதை அடித்துச் சொல்லிப் பாராட்டினார். காலம் அவர் பக்கம் நின்றது. அந்த ஆண்டின் நல்ல பாட்டில்கள் நாற்பது வருடத்துக்கு மேல் தாங்கிவிட்டன. ஆகவே பழம் குறைவாக இருப்பது தேவையில்லை, இருக்கும் பழம் முழுதாகப் பழுக்க வேண்டும். கொடி வாடுவதும் அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான்.

1982 வியாபாரத்தையும் மாற்றிவிட்டது. போர்தோவில் அறுவடை முடிந்த அடுத்த வசந்தத்திலேயே, ஒயின் 225 லிட்டர் ஓக் பீப்பாயில் இருக்கும்போதே, ருசிபார்த்து விலை பேசிவிடுவார்கள். பணம் இப்போது, பாட்டில் கைக்கு வருவது ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து. தோட்டத்துக்கும் வாங்குபவருக்கும் நடுவில் தரகர்களும் மொத்த வியாபாரிகளும் இருப்பார்கள். ஆறு மாதக் குழந்தையைப் பார்த்து அது பெரியவனாகி எப்படி இருப்பான் என்று சொல்லும் வேலை இது. அந்த இடத்தில் பார்க்கரின் 100க்கு இத்தனை மதிப்பெண் என்ற முறை புகுந்ததும், ஓர் ஆண்டின் பெயர் ஏப்ரலிலேயே உறுதியாகி, விலையும் அதைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கியது. 2009, 2010 ஆண்டுகளுக்குச் சீனாவிலிருந்து வந்த தேவையும் சேர்ந்துகொண்டது. அந்த விலைகள் பிறகு இறங்கின. லத்தூர் 2012இல் இந்த முன்விற்பனையிலிருந்தே விலகி, குடிக்கத் தயாரானதும் விற்பதாக முடிவெடுத்தது. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. பீப்பாயில் இருக்கும் ஒயினுக்கு ‘நூற்றாண்டின் ஆண்டு’ என்று பட்டம் கட்டுவதும், 1964இல் மழைக்கு முன்னால் அமைச்சர் செய்ததும் அதிகம் வித்தியாசமில்லை.

வெயில் மட்டும் போதாது என்பதை 2003 காட்டிக்கொடுத்தது. ஆகஸ்டில் ஐரோப்பாவையே உலுக்கிய அனல் அலை. பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். தோட்டங்களில் பழம் கொடியிலேயே வெந்து சுருங்கியது, புளிப்பு சரிந்தது. மணற்பாங்கான நிலத்தில் இருந்த மெர்லோ தவித்துப்போனது. மெதோக்கின் வடக்கில் சென்தெஸ்தேஃப் ஊரில், களிமண் அடியில் ஈரம் பிடித்துவைத்திருந்த இடங்களில், மோன்ட்ரோஸ் போன்ற தோட்டங்கள் தப்பித்து அழகான ஒயின் எடுத்தன.

அதோடு 2010ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் வறண்ட ஆண்டுதான், ஆனால் இரவுகள் குளிர்ந்தன. பகலில் சர்க்கரை ஏறியது, இரவுக் குளிர் புளிப்பையும் மணத்தையும் காப்பாற்றியது. அதனால் 2010 ஒயின்களில் எலும்பும் சதையும் இரண்டும் இருக்கின்றன. 2016இல் ஜூன் வரை மழை, தோட்டக்காரர்கள் நம்பிக்கை இழந்துகொண்டிருந்தார்கள். பிறகு ஜூலை, ஆகஸ்ட் முழுக்க வறட்சி. கொடி சோர்ந்துபோகும் நேரத்தில், செப்டம்பர் நடுவில் ஒரு மழை வந்து பழத்துக்கு உயிர் கொடுத்தது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஆண்டு எனக்குத் தெரியவில்லை. சமீப ஆண்டுகளில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் 2016ஐச் சொல்வேன்.

கெட்ட ஆண்டுகளும் இருக்கின்றன. 1956 பிப்ரவரியில் அடித்த குளிரில், குறிப்பாக வலது கரையில், கொடிகளே ஏராளமாகச் செத்தன. 1991 ஏப்ரல் பனி மொட்டுகளைக் கருக்கியது. 1992இல் செப்டம்பர் மழைக்குப் பயந்து பெத்ரூஸ் தோட்டத்து நிலத்தின்மேல் பிளாஸ்டிக் விரித்துப் பார்த்தார்கள். 2013 ஈரத்திலும் அழுகலிலும் போனது. ஆனால் முன்பு போலக் குடிக்கவே முடியாத ஒயின் இப்போது வருவதில்லை. பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள், சுமாரான தொட்டியை இரண்டாம் பெயரில் விற்றுவிட்டு நல்லதை மட்டும் பெரிய பெயரில் வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு: நாடே சூடாகிவிட்டது. இதற்கு ஒயின் தொழிலே ஒரு கணக்கேடு வைத்திருக்கிறது. பர்கண்டியில் பழம் பறிக்கும் நாளை முன்பு ஊர்தான் முடிவு செய்து அறிவிக்கும், அதற்கு முன் யாரும் கத்தி வைக்கக் கூடாது. அங்கே போன் என்ற நகரத்தின் அந்தத் தேதிகளை 1354இலிருந்து ஆய்வாளர்கள் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். 1987 வரைக்கும் சராசரித் தேதி செப்டம்பர் 28. 1988க்குப் பிறகு சராசரி 13 நாள் முன்னால் வந்துவிட்டது. ஆறு நூற்றாண்டுகளாக எப்போதாவது வந்துபோன சூடான ஆண்டு இப்போது வழக்கமான ஆண்டு.

இதன் பலன் போர்தோ பாட்டிலில் தெரிகிறது. 1980களில் 12, 12.5 சதவீதம் ஆல்கஹால் என்று இருந்த இடத்தில் இப்போது 14 சாதாரணம். பெரிய ஆண்டுகள் அடுக்கடுக்காக வருகின்றன: 2015, 2016, 2018, 2019, 2020, 2022. ஒரு காலத்தில் பத்து வருடத்துக்கு இரண்டு கிடைத்தால் பெரிது. பழுக்குமா என்ற கவலை போய், சீக்கிரம் பழுத்துவிடுகிறதே என்ற கவலை வந்திருக்கிறது. 2022 ஜூலையில் ஜிரோந்த் மாவட்டத்தின் காடுகள் எரிந்த அதே கோடையில்தான் அந்த ஆண்டின் பழமும் பழுத்தது. சீக்கிரம் பழுக்கும் மெர்லோவுக்கு இந்த வெயில் அதிகம், ஆனால் போர்தோவில் அதிகம் நட்டிருப்பது மெர்லோதான்.

ஆகவே 2021 தொடக்கத்தில் பிரெஞ்சு அரசின் மேற்பார்வை அமைப்பு ஆறு புதிய வகைகளைச் சோதனைக்கு அனுமதித்தது. அவற்றில் ஒன்று போர்ச்சுக்கலின் வெயிலைத் தாங்கிப் பழகிய தூரிகா நாசியொனால். பொய்யாக், பொமெரோல் போன்ற பெரிய ஊர்ப் பெயர்களுக்கு இது பொருந்தாது, ‘போர்தோ’ என்ற பொதுப்பெயரில் விற்கும் ஒயினுக்கு மட்டும். ஒரு தோட்டத்தின் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் நடக் கூடாது, கலவையில் 10 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. அப்படிச் சேர்த்த வகையின் பெயரை லேபிளில் போடவும் அனுமதி இல்லை. ஆண்டு மட்டும் இருக்கும்.